வினோஜ் சேர் எப்பிடி ஆள்?

கேற்றைத் திறந்து வந்த இருவரும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு விறாந்தையில் ஏறியதுதான் ஹாஜறாவுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. கரண்ட் பில் கொண்டு வருகிறவனும் சரி, கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்களும் சரி, கேற்றடியில் நின்று கூப்பிடுவார்கள். இவர்கள் வரச்சொல்லி வந்தவர்களைப் போல வந்து, கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "டீச்சர் இரிங்க" என்று அவளை அவளுடைய வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இருவரும் ரீ சேட்தான் போட்டிருந்தார்கள். ஆனால் வாசலில் கிடந்த சப்பாத்துகள் இரண்டு சோடியும் ஒரே மாதிரி, கறுப்பு, நன்றாக மினுக்கியவை.

"சும்மா ஒரு அலுவலா வந்தம், டீச்சர். பயப்பட ஒண்டுமில்ல," என்றார் மூத்தவர். தமிழ் நன்றாக வந்தது. சில சொற்களின் கடைசியில் மட்டும் ஒரு சிங்கள இழுப்பு. எந்த அலுவலகம் என்று அவர் சொல்லவில்லை. கேட்கலாமா கூடாதா என்று ஹாஜறா யோசித்து முடிப்பதற்குள் கேட்கிற நேரம் கடந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து லுஹர் தொழுத கையோடு வெளியே வந்திருந்தாள். கணவன் றாஸிக் கல்முனையில் ஹாட்வெயார் கடையில் நின்றான். மகள் டியூசனுக்குப் போயிருந்தாள். இளையவன் தன் போனை மேசையில் வைத்து அவள் பக்கம் திருப்பினான்.

"இது டீச்சர்ட எழுத்துத்தானே?"

அவளுடைய எழுத்துத்தான். வெண்பலகையில் இரண்டு வட்டங்கள். ஒன்றுக்குள் 'நாம்'. மற்றதற்குள் 'அவர்கள்'. நடுவில் போய்வரும் அம்புக்குறிகள். கீழே, அவளுடைய சாய்ந்த எழுத்தில்: 'நாம் ஆயுதம் சேர்ப்பது நம்மைக் காக்க. அவர்கள் ஆயுதம் சேர்ப்பது நம்மைத் தாக்க.' மேலே 'பாதுகாப்பு இக்கட்டு' என்று பெரிதாகத் தலைப்பு எழுதியது அவளுக்கு நினைவிருந்தது. படத்தில் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தது.

ஹாஜறாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதை விழுங்கிக்கொண்டு விளக்கினாள். இது ஏ.எல் பாடம். சர்வதேச உறவுகள். ஒரு நாடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆயுதம் வாங்குகிறது. பக்கத்து நாட்டுக்கு அதன் மனசு தெரியாது. தன்னை அடிக்கத்தான் வாங்குகிறது என்று நினைத்து அதுவும் வாங்குகிறது. அதைப் பார்த்து முதல் நாடு இன்னும் வாங்குகிறது. இரண்டு பேருக்கும் சண்டை பிடிக்க விருப்பமில்லாமலே சண்டை கிட்ட வருகிறது. மூத்தவர் நல்ல மாணவனைப் போலத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"சரி டீச்சர். 'நாம்' எண்டா ஆரு?"

"ஆருமில்ல. ஒரு நாடு. எந்த நாடெண்டாலும் போட்டுக்கலாம்."

"நாடு எண்டு எழுதல்லயே டீச்சர்."

அவள் எழுந்து போய்ப் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவள் நடத்துகிற சனிக்கிழமைச் செமினாருக்கு ஆர் ஆர் வருகிறார்கள், ஆர் ஒழுங்கு செய்கிறது, வெளியிலிருந்து ஆரும் வந்து பேசுவதுண்டா என்று மெதுவாகக் கேட்டார். பிளேன்டி குடித்தார்கள். இளையவன் சீனி குறைத்துப் போடச் சொன்னான். போகும்போது மூத்தவர் ஒரு நம்பரைச் சொல்லி, அவள் அதைப் போனில் அடித்து முடிக்கும்வரை நின்றார். "டீச்சரும் ஏதும் கேள்விப்பட்டா ஒரு கோல் எடுங்க. நாங்க டீச்சருக்கு உதவிதான்." அந்த நம்பரை என்ன பேரில் பதிவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'தையல் அக்கா' என்று பதிந்தாள்.

அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, படத்தின் இடது ஓரத்தில் பச்சையாக ஒன்று தெரிந்தது ஞாபகம் வந்தது. அது செமினார் நடக்கிற மண்டபத்து இரும்பு அலுமாரியின் விளிம்பு. அலுமாரி அந்த ஓரத்தில் விழும்படி படம் எடுக்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும். அவள் பாடம் நடத்தும்போது அந்தக் கதிரையில் இருக்கிறவர் வினோஜ் ஒருவர்தான்.

ஹாஜறா சாய்ந்தமருதில் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வினோஜ் காரைதீவில் அதே பாடம் படிப்பிப்பவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே வருசம், ஒரே மண்டபத்தில் இருந்து படித்தவர்கள். சோதனை கிட்டவரும் மாதங்களில் சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து செமினார் நடத்துவார்கள். இடம், இரண்டு ஊருக்கும் நடுவே மாளிகைக்காட்டில் ஒரு நலன்புரிச் சங்கத்தின் மண்டபம். வடக்கேயிருந்து சாய்ந்தமருது முஸ்லிம் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். தெற்கேயிருந்து காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைகள். வந்து கலந்து இருக்கமாட்டார்கள், அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள் என்றுதான் இருப்பார்கள். ஆனால் பாடம் சூடு பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கொப்பி போகும், பேனை போகும்.

பாடம் சூடு பிடிப்பதே இந்த இருவரும் பிள்ளைகளுக்கு முன்னால் சண்டை பிடிப்பதால்தான். தெற்கே துறைமுகத்தில் ஒரு சீன ஆராய்ச்சிக் கப்பல் வந்து நின்ற கதையை எடுத்துக்கொள்வார்கள். "அந்தக் கப்பலுக்குள்ள என்ன இரிக்கெண்டு இந்தியாவுக்குத் தெரியாது. தெரியாதெண்டா, ஆயுதம் இரிக்கெண்டு நினைச்சுத்தான் ஆயத்தமாகணும். நல்லவனெண்டு நினைச்சுப் பிழைச்சா நாடே போயிரும். இதுதான் யதார்த்தவாதம்" என்பாள் ஹாஜறா. வினோஜ் எழும்புவார். "என்ன இருக்கெண்டு தெரிஞ்சுகொள்ளத்தானே மனிசன் ஒப்பந்தம், ஐக்கிய நாடுகள், கண்காணிப்பு எண்டு இவ்வளவத்தையும் உண்டாக்கி வச்சிருக்கான். வியாபாரம் செய்யிறவன் வாடிக்கைக்காரன அடிக்கமாட்டான். இது தாராண்மைவாதம்." "அடிப்பான் சேர். பக்கத்துக் கடையில சாமான் வாங்கினா அடிப்பான்." பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, கட்டுமானவாதம். அதே கப்பல் வேறு கொடியோடு வந்தால் பயப்படுவோமா, எந்தக் கொடிக்குப் பயப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்தது ஆர் என்று கேட்கிற கோட்பாடு. அதை வினோஜ்தான் படிப்பிப்பார். ஹாஜறாவுக்கு அதில் பிடிப்பில்லை. பயம் ஒருவர் சொல்லித் தந்து வருவதில்லை, பட்டு வருவது என்பது அவளுடைய எண்ணம். கலவர காலத்தில் அவளுடைய மாமா ஒருவர் வயலுக்குப் போய்த் திரும்பாத வருசம் ஒன்று இருந்தது. வினோஜின் அப்பப்பா வீடு எரிந்த வருசமும் ஒன்று இருந்தது. இத்தனை காலப் பழக்கத்தில் அந்த இரண்டு வருசத்தையும் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

அன்று பின்னேரம் றாஸிக் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நம்மட ஊரான்தான் குடுத்திருப்பான்," என்றான் றாஸிக். "ஒன்ட கிளாசுக்குப் புள்ளைகள் போறது, இதே பாடம் டியூசன் குடுக்குற ஜெஸீம் மாஸ்டருக்குக் கண்ணுல குத்துது. அவன்ட வேலதான் இது."

"ஜெஸீம் மாஸ்டர் அந்த மண்டபத்துக்குள்ள காலடி வச்சதில்ல. படம் வினோஜ்ட கதிரையில இருந்து எடுத்தது."

"அப்ப அவருக்கிட்டயே கேளு."

"கேட்டா இல்லெண்டு சொல்லுவார். குடுத்திருந்தாலும் இல்லெண்டுதான் சொல்லுவார், குடுக்காட்டியும் இல்லெண்டுதான் சொல்லுவார். கேட்டு என்ன புண்ணியம்?"

அவள் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டிருந்தாள், அதை அவனிடம் சொல்லவில்லை. வழக்கமாக அவள் 'அ நாடு', 'ஆ நாடு' என்றுதான் எழுதுவாள். அந்தச் சனிக்கிழமை அவள் அப்படி எழுதப்போகையில், "அ, ஆ எண்டா கணக்குப் பாடம் மாதிரி கிடக்கு டீச்சர். நாம், அவர்கள் எண்டு போடுங்க, புள்ளைகளுக்குச் சுள்ளெண்டு விளங்கும்" என்று சொன்னதும் வினோஜ்தான்.

அடுத்த செமினாரில் அவள் பாடத்தைக் கவனிக்கவில்லை. வினோஜைக் கவனித்தாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். முன்பும் கவிழ்த்துத்தான் வைப்பாரா? நினைவில்லை. நடுவில் ஒரு அழைப்பு வந்ததும் வெளியே போய், சுவரோரமாக நின்று, குரலைத் தாழ்த்திக் கதைத்தார். ஜன்னலால் வந்த சொற்கள் சிங்களம். அவர் சிங்களம் கதைப்பார் என்பது அவளுக்குத் தெரியும், பேராதனையில் அவளுக்கே கடைத்தெருவில் கதைத்து உதவியிருக்கிறார். இன்றைக்கு அது வேறு பாஷையாகக் கேட்டது. ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் சிரித்ததும், வழக்கத்தைவிட நேரத்தோடு வந்திருந்ததும், அவளுடைய கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய் அடுக்கிக்கொண்டன. ஒரு மனிசனைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டால் அவன் செய்கிற எதுவும் வீணாவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி?"

"தலையிடி."

அவர் பையைத் துழாவி ஒரு பெனடோல் அட்டையிலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். பிறகு மூடினாள். வீட்டுக்கு வந்து கைப்பையிலிருந்து அந்த வில்லைகளை எடுத்துக் குப்பைக்குள் போட்டபோது தன்னை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு ஏற்பாட்டோடு போனாள். அவரிடம் தன்னுடைய படம் இருக்கிறது. தன்னிடம் அவருடையது ஒன்றும் இல்லை. நாளைக்கு ஏதும் ஒன்றென்றால் காட்டுவதற்குக் கையில் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்கும் கொடுக்கப்போவதில்லை. வினோஜ் கட்டுமானவாதத்தைத் தொடங்கியதும் போனில் ரெக்கோடிங்கைத் தொடக்கி, மேசையில் வைத்து, மேலே புத்தகத்தைச் சாய்த்தாள். அன்றைக்கு அவர் நன்றாகப் படிப்பித்தார். "எதிரி ஆரெண்டது வானத்தில இருந்து விழுறதில்ல புள்ளைகள். அத ஆரோ தீர்மானிக்கிறாங்க. பேப்பரில எழுதுறாங்க, ரீவியில சொல்றாங்க, நாம நம்புறம். இந்த நாட்டில ஒரு காலம் எதிரி எண்டா நாங்க. பிறகு ஒரு காலம் நீங்க. நாளைக்கு ஆரெண்டு தெரியாது." வகுப்பு அசையாமல் இருந்தது. இது மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு ஒரு மேசையில் வைக்கப்பட்டால் எப்படிக் கேட்கும் என்று ஹாஜறா நினைத்துப் பார்த்தாள்.

அவர் மார்க்கர் பேனையை எடுக்க மேசைக்கு வந்தார். புத்தகம் சற்று வழுக்கியிருந்தது. போன் திரையில் இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வினோஜ் அதைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு பலகைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளது மட்டும்தான், வரி பிசகாமல்.

வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி வந்தது. 'டீச்சர், நாளைக்கு வர ஏலாது. வீட்டில ஒரு அலுவல்.' சனிக்கிழமை மண்டபத்தின் தெற்குப் பாதி வெறுமையாகக் கிடந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற பஸால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்கட புள்ளைகள் வரல்லயா டீச்சர்? அப்ப பாதி லைட்ட நூத்து விடட்டா?" என்று கேட்டான். சோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாராண்மைவாதத்தில் இன்னும் பாதி கிடந்தது. அதை அவளே படிப்பித்தாள். சொற்கள் எல்லாம் சரியாகத்தான் வந்தன, ஆனால் பிள்ளைகள் கொப்பியிலிருந்து தலை நிமிரவில்லை. எதிர்த்துக் கதைக்க ஆள் இல்லாத பாடம்.

சாய்ந்தமருதில் கதை ஓடத் தொடங்கியிருந்தது. 'காரைதீவுச் சேர் நம்மட டீச்சரக் காட்டிக் குடுத்திட்டாராம்.' இதை ஆர் கிளப்பியது என்று அவளுக்குத் தெரியும். றாஸிக்கின் தங்கச்சி ஜெனூபாவிடம் ஒரு நாள் வாய் தவறி, "தெரிஞ்ச ஆள்தான் படம் குடுத்திருக்கி" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ஒன்றுக்குக் கை கால் முளைத்து அது இப்போது கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் அதே ஜெனூபா மூச்சு வாங்க வந்தாள்.

"மச்சி, கோவிக்க வேணாம். காரைதீவில இருந்து எங்களுக்குப் பால் கொண்டுவாற பொம்புள ஒரு கதை சொல்லுது. அங்க அவங்கட ஊருக்குள்ள கதையாம், நீங்க அந்தச் சேர் படிப்பிக்கிறத ரெக்கோட் பண்ணி சிஐடிக்குக் குடுக்குறீங்களாம். அதனாலதான் புள்ளைகள அனுப்புறாங்க இல்லயாம்."

ஹாஜறா கதிரையில் இருந்துவிட்டாள்.

"பொய்தானே மச்சி?"

"பொய்தான்," என்றாள். பிறகு, எது பொய், எது உண்மை என்று தனக்குள் பிரித்துப் பார்த்தாள். ரெக்கோட் பண்ணியது உண்மை. கொடுத்ததுதான் பொய்.

அந்தக் கிழமைக்குள்தான் 'தையல் அக்கா'விடமிருந்து கோல் வந்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை. ஹாஜறா ஆசிரியர் அறையிலிருந்து எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் எடுத்தாள்.

"டீச்சர், சுகமா? செமினார் நிண்டு போச்சாமே."

"நிக்கல்ல. நடக்குது."

"அந்தப் பக்கத்துப் புள்ளைகள் வாறதில்லையாமே." அந்தப் பக்கம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். "வினோஜ் சேர் எப்பிடி ஆள்?"

ஹாஜறா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பேராதனையில் மலேரியாக் காய்ச்சலில் கிடந்த அவளுக்கு, விடுதி வாசலில் நின்று கொத்தமல்லி அவித்த போத்தலைக் கொடுத்துவிட்டுப் போன பொடியன் வினோஜ். 'நாம், அவர்கள் எண்டு போடுங்க' என்றவரும் வினோஜ். எந்த வினோஜைப் பற்றிச் சொல்வது? "நல்ல ஆள்," என்று கடைசியில் சொன்னாள். "நல்ல மனிசன் சேர்."

"ஹரி டீச்சர்," என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொன்னார் அவர். போன் வைக்கப்பட்டது.

மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். அவள் வேப்பமரத்தடியிலேயே நின்றாள். அவள் சொன்ன பதிலை அவர் எழுதியிருப்பாரோ இல்லையோ, அதற்கு முன்னால் அவள் விட்ட இடைவெளியை நிச்சயம் குறித்துக்கொண்டிருப்பார். கேள்வி கேட்கத் தெரிந்த மனிசன். அதோடு இன்னொன்றும் தோன்றியது. இதே குரல் இதே மாதிரி காரைதீவுக்கும் போயிருக்கும். ஹாஜறா டீச்சர் எப்பிடி ஆள்? வினோஜ் எவ்வளவு நேரம் எடுத்தார்?

ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுதுவிட்டு றாஸிக்கின் மோட்டார் சைக்கிளில் காரைதீவுக்குப் போனாள். அறிவிக்காமல் போனார்கள். அறிவித்தால் ஆயத்தமாக இருப்பார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததே ஒரு பொலிஸ்காரியின் நினைப்பு என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

வினோஜ் சாரனோடு முற்றத்தில் நின்று வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகுதான் சுவரில் சாத்தினார். அவருடைய மனைவி வெளியே வந்து, ஒரு கணம் எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, "றாஸிக் அண்ணன், நல்ல நேரம் வந்தீங்க. குசினிக் கூரையில ஒழுகுது, என்ன பூசலாம் எண்டு வந்து பாருங்களன்" என்று அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

இருவரும் விறாந்தையில் இருந்தார்கள்.

"உங்களிட்ட வந்தவங்களா?" என்று கேட்டாள்.

"வந்தவங்க. ரெண்டு பேர்."

"எப்ப?"

"உங்களிட்ட வாறதுக்கு முன்ன."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லல்லயே வினோஜ்."

"சொன்னா, என்ன கேட்டாங்க எண்டு கேப்பீங்க. உங்களப் பத்தித்தான் கேட்டாங்க. வீட்டுக்கு ஆர் வாற, எந்தப் பள்ளிவாசல் ஆக்கள், மகள் எங்க ஓதுற எண்டெல்லாம். நான் என்ன சொன்னனெண்டு கேப்பீங்க. நல்லாத்தான் சொன்னன் எண்டு சொல்லுவன்." அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணை உரசி உதிர்த்தார். "நம்பியிருப்பீங்களா?"

"அந்தப் படம்?" என்றாள் ஹாஜறா.

"எடுத்தது நான்தான்." அவர் குரல் மாறவில்லை. "வட்டம் போட்டு நீங்க விளங்கப்படுத்தினது நல்லா இருந்திச்சு. எங்கட பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில போட்டன். தலைப்பு வெட்டுப்பட்டதக்கூட நான் கவனிக்கல்ல. அந்தக் குரூப்பில புள்ளைகள், தாய் தகப்பன், பழைய புள்ளைகள் எல்லாம் கிடக்கு. அதில இருந்து ஆர் எங்க அனுப்பினதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இது உண்மையாக இருக்கலாம். உண்மை போல நன்றாகச் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். ஹாஜறா அவருடைய முகத்தைப் பார்த்தாள். களைத்த, வேர்த்த, இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். இருபது வருசத்துக்கு மேல் பார்த்த முகம். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவரும் தன்னுடைய முகத்தில் அதையேதான் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

"அழிச்சிட்டன் அத," என்றார். "குரூப்பில இருந்தும், போனில இருந்தும்." பிறகு, முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்க ரெக்கோட் பண்ணினது?"

"அழிச்சிட்டன்," என்றாள் ஹாஜறா.

இந்த முறை இடைவெளி விடவில்லை. சொல் அவ்வளவு சுகமாக வந்தது. போன் மடியில் கைப்பைக்குள் கிடந்தது, அதற்குள் அவருடைய குரல் அப்படியே கிடந்தது. றாஸிக் சொல்லியிருந்தான், 'கையில இரிக்கட்டும், ஒண்டுக்கும் உதவாட்டியும்.' அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அழிக்கவில்லை.

வினோஜ் தலையாட்டினார். நம்பினாரா என்பதை அந்தத் தலையாட்டலிலிருந்து அறிய முடியவில்லை.

"புள்ளைகளுக்குச் சோதினை வருது," என்றார்.

"ஓம்."

"சனிக்கிழமை வாறன். எங்கட புள்ளைகளுக்கும் சொல்றன். தாய் தகப்பன் விடுவாங்களோ தெரியாது."

"நானும் எங்கட புள்ளைகளுக்குச் சொல்றன். அவங்களுக்கும் வேற கதை சொல்லிக் கிடக்கு."

"என்ன கதை?"

"உங்களுக்குச் சொல்லாட்டியும் தெரியும்தானே," என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு கெதியாக முடிந்துபோனது. பின்பக்கத்தில் றாஸிக், கூரைக்குத் தார் பூசினால் வெயிலில் உருகும், வேறு ஒன்று இருக்கிறது, நாளைக்குக் கடையிலிருந்து அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை வானம் கடல் பக்கமாகக் கறுத்திருந்தது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. ஹாஜறா நேரத்தோடு வந்து பஸாலிடம் எல்லா லைட்டையும் போடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வினோஜும் வந்தார். சேட்டை அயன் பண்ணிப் போட்டிருந்தார். இருவரும் இன்றைக்கு எதைப் படிப்பிப்பது, ஆர் முதலில் என்று ஒப்புக்குக் கதைத்தார்கள். கடந்த வருசக் கேள்வித்தாளில் ஒரு கேள்வி, உலக அரசியலில் நம்பிக்கை சாத்தியமா என்பதை மூன்று கோட்பாடுகளையும் கொண்டு ஆராய்க. "இதையே எடுப்பம்" என்றார் வினோஜ். "நீங்க தொடங்குங்க."

"நீங்க தொடங்குங்க," என்றாள்.

பிள்ளைகள் வரவில்லை. வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தும் ஆரும் வரவில்லை. ஹாஜறா எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தாள். பிள்ளைகள் வந்துதான் இருந்தார்கள். வடக்குப் பக்கமாக, மதிலோரம், சைக்கிள்களைச் சாத்திவிட்டுச் சாய்ந்தமருதுப் பிள்ளைகள் நின்றார்கள். தெற்குப் பக்கமாக, பூட்டிக் கிடந்த கடையின் முன்னால் காரைதீவுப் பிள்ளைகள் நின்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வெறும் தெரு. இவர்கள் உள்ளே போகிறார்களா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிறார்களா என்று இவர்கள். கூப்பிடலாம். எந்தப் பக்கத்தை முதலில் கூப்பிடுவது என்று அவள் யோசித்தாள். வினோஜ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றதை, மூச்சை வைத்து அறிந்தாள். அவரும் கூப்பிடவில்லை.

கடல் பக்கமிருந்து காற்று ஒன்று தூக்கிக்கொண்டு வந்து மண்ணை வாரி இறைத்தது. முதல் துளிகள் பெரிது பெரிதாகத் தெருவில் விழுந்தன. இனி ஓடி வந்துவிடுவார்கள் என்று அவள் சற்று விலகி வழிவிட்டு நின்றாள். பூட்டிய கடையின் முன்னால் ஒரு குடை விரிந்தது. மதிலோரம் ஒரு பிள்ளை பைக்குள் கைவிட்டுத் தன்னுடையதை எடுத்து விரித்தாள். அங்கே இன்னொன்று. இங்கே இரண்டு.